யானைச் சவாரிக்கும் புலிப் படத்துக்கும் பணம் கட்டும் முன்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதல்முறை சுற்றுலா போகும் குடும்பம் வாங்குகிற பேக்கேஜில் எங்காவது ஒரு விலங்கு இருக்கும். தாய்லாந்து என்றால் யானைச் சவாரி, புலியோடு போட்டோ. பாலி என்றால் மரநாய்க் காபி. இலங்கை என்றால் ஆமைக் குஞ்சும் யால தேசியப் பூங்கா ஜீப்பும். கேரளம் என்றால் தேக்கடி, மூணாறு பக்கம் யானைமேல் ஒரு சுற்று. இதற்கெல்லாம் காசு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் விலங்குகள்மீது பாசம் உள்ளவர்கள்தான். அந்தப் பாசத்தை நம்பியே இந்தத் தொழில் ஓடுகிறது என்பது எனக்குப் பெரிய வேதனை.

எதற்குப் போகலாம், எதைத் தவிர்க்க வேண்டும், போன இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: நம்மைப் பிடிக்கவில்லை என்றால், விலகிப் போக இந்த விலங்குக்கு வழி இருக்கிறதா? வழி இருந்தால் அநேகமாக நல்ல இடம். இல்லையென்றால், அது பேசாமல் நின்று கொடுப்பதற்காக முன்பே யாரோ அதை ஏதோ செய்திருக்கிறார்கள்.

1. முன்பணம் கொடுப்பதற்குள் பட்டியலைப் படியுங்கள்

பேக்கேஜ் விவரம் கைக்கு வந்ததும், விலங்குகள் வரும் வரிகளை அடிக்கோடிடுங்கள். எலிஃபன்ட் டிரெக்கிங், டைகர் பார்க், டால்பின் ஷோ, லுவாக் காபி டேஸ்டிங், டர்ட்டில் ஹேட்சரி என்று ஆங்கிலத்திலேயே போட்டிருப்பார்கள். பக்கத்தில் 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். இலவசமாகக் கூட்டிப் போகும் இடத்தில் ஓட்டுநருக்கோ ஏஜென்டுக்கோ கமிஷன் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏஜென்டிடம் பேசச் சரியான நேரம் இதுதான். "இந்த ரெண்டு இடமும் வேண்டாம், அந்த நேரத்துக்கு வேற ஏதாவது போட்டுக் கொடுங்க" என்றால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். "எல்லாரும் போறாங்க சார், குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று பதில் வரலாம். "எங்களுக்கு வேண்டாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விவாதம் தேவையில்லை. அங்கே போய் இறங்கியபின், வேனில் இருக்கும் எல்லாரும் ஆசையாகக் கிளம்பும்போது, ஒருவர் மட்டும் வேண்டாம் என்று நிற்பது மிகவும் கஷ்டம்.

வீட்டிலும் முன்பே பேசிவிடுங்கள், முக்கியமாகக் குழந்தைகளிடம். புலியைத் தொடலாம் என்று நம்ப வைத்துவிட்டு வாசலில் மறுப்பதுதான் அழுகையைக் கிளப்பும். "அந்தப் புலிக்குட்டியை அதோட அம்மாகிட்டேயிருந்து பிரிச்சுக் கொண்டாந்திருக்காங்க" என்று வீட்டிலேயே சொன்னால் ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். சில நேரம் பெரியவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் புரிகிறது.

2. பலகையில் உள்ள பெயரை விட்டுவிட்டுப் படங்களைப் பாருங்கள்

இந்தியாவில் ஒரு காட்டைச் சரணாலயம் என்று அறிவிக்க 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அரசு அறிவிக்க வேண்டும். தாய்லாந்தில் ஒரு தனியார் முகாம் தன் வாசலில் 'சாங்க்சுவரி' என்றோ 'ரெஸ்க்யூ சென்டர்' என்றோ எழுதிக்கொள்வது அப்படி இல்லை. சவாரி விட்ட அதே முகாம், விமர்சனம் எழுந்தபின் பலகையை மட்டும் மாற்றி எழுதியதும் நடந்திருக்கிறது. ஆகவே பெயர் உங்களுக்கு எதையும் சொல்லாது.

மதிப்புரைகளும் பெரிதாக உதவாது. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிரிப்அட்வைசர் என்ற பயண இணையதளத்தில் வந்த மதிப்புரைகளை விலங்குநல நோக்கில் ஆராய்ந்தார்கள். விலங்குகள் மோசமாக நடத்தப்படும் இடங்களைப் பற்றி எழுதியவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அங்கே தவறு நடப்பதே தெரியவில்லை. ஐந்து நட்சத்திரம் என்றால், வந்தவர்களுக்குச் சந்தோஷம் என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கடுத்த ஆண்டு, காட்டு விலங்குகளைத் தொட்டு விளையாடும் இடங்களுக்கு டிக்கெட் விற்பதை நிறுத்துவதாக டிரிப்அட்வைசரே அறிவித்தது.

அதனால் தேடுகிற விதத்தை மாற்றுங்கள். ஒற்றை நட்சத்திர மதிப்புரைகளை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள். சங்கிலி, அங்குசம், காயம், அடி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். அப்புறம், அந்த இடம் தானே வெளியிடும் படங்களை விட்டுவிட்டு, வந்துபோனவர்கள் இன்ஸ்டாகிராமிலும் கூகுள் மேப்பிலும் போட்ட படங்களைப் பாருங்கள். முகம் மலர்ந்து நிற்கும் மனிதருக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், கட்டுத்தறியும் கூண்டும் தெரியும். விளம்பரப் படத்தில் அந்த ஓரம் வெட்டப்பட்டிருக்கும்.

3. நேரடியாகக் கேளுங்கள்

மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டால் போதும், கூச்சப்பட வேண்டியதில்லை. வந்தவர்கள் விலங்கைத் தொடலாமா, சவாரி செய்யலாமா, குளிப்பாட்டலாமா? ஒரு நாளைக்கு எத்தனை குழுக்கள் வருகின்றன? வந்தவர்கள் போனபிறகு, இரவில், விலங்கு எங்கே எப்படி இருக்கும்? இந்த விலங்குகள் எங்கிருந்து வந்தன? இங்கே குட்டி போட விடுகிறீர்களா?

கடைசிக் கேள்விதான் நிறைய விஷயத்தை வெளியே கொண்டுவரும். காட்டுக்கு அனுப்பும் திட்டம் எதுவும் இல்லாமல் குட்டிகளைப் பெருக்கிக்கொண்டே போகும் இடம், அந்தக் குட்டிகளை வருமானமாகப் பார்க்கிறது. உண்மையிலேயே மீட்டு வளர்க்கும் இடத்தில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வரலாறு சொல்வார்கள்: எங்கே மரம் இழுத்தது, எந்த வயதில் வந்தது, எந்தக் காலில் அடிபட்டிருக்கிறது என்று. "எல்லாமே மீட்டதுதான்" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

4. யானை முகாம்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கோயில் வாசலில் யானை தும்பிக்கையைத் தலையில் வைத்து ஆசீர்வாதம் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். யானையைத் தொடுவது நமக்கு இயல்பாக இருக்கிறது. அதனாலேயே அது எப்படிப் பழக்கப்பட்டது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

தாய்லாந்தின் கதையைத் தெரிந்துகொண்டால் மற்ற நாடுகளும் புரியும். அங்கே யானைகள் காலங்காலமாகக் காட்டில் மரம் இழுத்தன. 1989-ல் அரசு காட்டு மரம் வெட்டுவதைத் தடை செய்தது. ஒரே அடியில் யானைகளுக்கும் பாகன்களுக்கும் வேலை போயிற்று. யானையைச் சும்மா வைத்திருக்க யாராலும் முடியாது, ஒரு நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தீனி வேண்டும். அவர்கள் சுற்றுலாவுக்கு வந்தார்கள். வளர்ப்பு யானை அங்கே 1939-ம் ஆண்டின் சட்டப்படி மாடு, குதிரை, எருமை மாதிரி சுமை விலங்கு. காட்டு யானைக்குள்ள பாதுகாப்பு அதற்குக் கிடைப்பதில்லை.

பழக்குவது எப்படி? குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, அசைய முடியாத மரச்சட்டத்துக்குள் கட்டி, பட்டினி போட்டு, அடித்து, மனிதன் சொன்னால் கேட்டே தீர வேண்டும் என்ற பயத்தை ஏற்றுவது. 'பஜான்' என்று அங்கே சொல்வார்கள். எல்லா முகாம்களிலும் ஒரே அளவு கொடுமை நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், பரிவோடு பழக்கும் பாகன்களும் உண்டு. ஆனால் அறிமுகமில்லாத இருவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, நாள் முழுக்க அதே பாதையில், பசிக்கும்போது நிற்காமல் நடக்கிற யானை தானாக அப்படி ஆவதில்லை. சுற்றுலாப் பயணி கண்ணில் படாதபடி உள்ளங்கையில் ஆணியை வைத்துக்கொண்டு குத்துவதும் படமெடுக்கப்பட்டிருக்கிறது.

வேர்ல்ட் அனிமல் புரொடெக்‌ஷன் என்ற அமைப்பு தாய்லாந்து, இந்தியா, இலங்கை, நேபாளம், லாவோஸ், கம்போடியா நாடுகளின் சுற்றுலா இடங்களில் இருந்த 2,923 யானைகளைப் பார்த்து 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கில் மூன்று யானைகள் மிக மோசமான நிலையில் இருந்தன. சவாரி இல்லாத நேரமெல்லாம் சங்கிலியில்தான். முதுகில் ஏறும் எடையைப் பற்றியே நாம் பேசுகிறோம். அம்பாரி உரசிப் புண் ஆவதும் உண்மைதான். ஆனாலும் யானைக்கு அதைவிடப் பெரிய துன்பம் நாம் இறங்கிப் போனபின் தொடங்குகிறது: கூட்டமாக வாழ வேண்டிய விலங்கு, இன்னொரு யானையைத் தொடக்கூட எட்டாத சங்கிலியில், சிமெண்ட் தரையில், இரவு முழுவதும்.

சவாரிக்கு எதிர்ப்பு கிளம்பியதும் பல முகாம்கள் 'சவாரி இல்லை, குளியல் மட்டும்' என்று மாறின. முதல்முறை போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காலையில் ஒரு குழு, மதியம் இரண்டு, மாலையில் ஒன்று என்று ஒவ்வொரு குழுவுக்கும் யானை ஆற்றில் படுக்க வேண்டும். யானை குளித்து முடித்ததும் மண்ணையும் சேற்றையும் எடுத்து முதுகில் போட்டுக்கொள்ளும். வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் அதற்குப் பாதுகாப்பு. அடுத்த குழு வந்து அதையும் தேய்த்துக் கழுவிவிடும். குளியலுக்கு அடங்கிக் கிடக்க வேண்டுமென்றால் சவாரிக்குக் கொடுத்த அதே பழக்கம்தான் கொடுக்க வேண்டும். நமக்கும் ஆபத்து: 2025 ஜனவரியில் தாய்லாந்தின் கோ யாவ் தீவில், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த 22 வயது ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் யானை தாக்கி இறந்துபோனார்.

சரி, யானை இருக்கும் இடத்துக்குப் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதைப் பார்ப்பது?

முதலில் பாதங்களைப் பாருங்கள். வளர்ப்பு யானைகளை அதிகம் வாட்டுவது பாத நோய்தான். நகத்தில் வெடிப்பு, சீழ், ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பது எல்லாம் கெட்ட அறிகுறி. கீழே மண்ணா சிமெண்டா என்றும் பாருங்கள். அடுத்து காலில் சங்கிலித் தழும்பு, காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் அங்குசம் பட்ட வடு. நெற்றியோரப் பள்ளம் ஆழமாக விழுந்து முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் தீனி போதவில்லை, அல்லது நோய்.

நின்ற இடத்திலேயே தலையையும் உடலையும் ஒரே தாளத்தில் ஆட்டிக்கொண்டிருக்கிறதா? இதைப் பார்த்து "யானை டான்ஸ் ஆடுது" என்று வீடியோ எடுப்பவர்கள் நிறைய. காட்டு யானை அப்படி ஆடிக்கொண்டு நிற்பதில்லை. செய்ய எதுவுமில்லாமல், நகர இடமில்லாமல், ஆண்டுக்கணக்கில் கட்டிக்கிடக்கும் விலங்கின் மனம் உடைந்ததன் அடையாளம் அது. கூண்டில் ஒரே பாதையில் போய்த் திரும்பும் புலியும் கரடியும் காட்டுவதும் இதையேதான்.

தவறாகப் புரிந்துகொள்ளக்கூடியவையும் உண்டு. யானையின் கண்ணோரம் ஈரக்கோடு தெரிந்தால் அழுகிறது என்பார்கள். நமக்கு இருப்பதுபோல் கண்ணீரை மூக்குக்குள் வடிக்கும் குழாய் யானைக்கு இல்லை, அதனால் கன்னத்தில்தான் வழியும். காதிலும் தும்பிக்கையிலும் செம்புள்ளி படர்ந்திருப்பது ஆசிய யானைக்கு இயல்பு. ஆனால் ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் ஒழுகினால் அது மதநீர். அந்த யானையின் பக்கத்தில் கூட்டம் நிற்க விடும் இடத்திலிருந்து உடனே கிளம்பிவிடுங்கள்.

கேரளத்திலோ ஜெய்ப்பூரிலோ சவாரி விடும் யானை என்றால், 2001-ம் ஆண்டு விதிகளின்படி இந்திய விலங்கு நல வாரியத்தில் அது பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். சான்று இருப்பதால் யானை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆனால் கேட்கும் கேள்வி நடத்துகிறவர் மனதில் நிற்கும்.

யானையை நல்ல முறையில் பார்க்க ஆசையா? இலங்கையில் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 1975-ல் தொடங்கிய பின்னவல யானைகள் அநாதை இல்லம் உலகப் புகழ் பெற்றது, பேக்கேஜ் எல்லாவற்றிலும் இருக்கும். அங்கேயே பிறந்த குட்டிகளும் நிறைய, அவை காட்டுக்குத் திரும்புவதில்லை. காசு கொடுத்துப் பழம் ஊட்டலாம். 1995-ல் வனஜீவராசிகள் திணைக்களம் தொடங்கிய உடவலவை யானைக் குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்தில் கதை வேறு. தாயை இழந்த குட்டிகளுக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கிறார்கள். மேடையில் தள்ளி நின்று அதைப் பார்க்கலாம், தொட முடியாது. குட்டி மனிதனிடம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அந்தத் தூரம். வளர்ந்தபின் காட்டில் விட்டுவிடுகிறார்கள். ஓடிவந்து பால் குடித்துவிட்டு நம்மைத் திரும்பியும் பார்க்காமல் போகும் குட்டிகளைப் பார்ப்பது எனக்கு எந்தச் சவாரியையும்விடப் பெரிய சந்தோஷம்.

நம் பக்கத்தில் முதுமலை தெப்பக்காடு. வனத்துறை முகாமில் யானைகளுக்கு ராகிக் களியும் வெல்லமும் உருட்டிக் கொடுப்பதை மாலையில் பார்க்கலாம். வளர்ப்பு யானைகள்தான், சங்கிலியும் உண்டு. ஆனாலும் வேலை முடிந்தபின் காட்டுக்குள் மேய விடும் வழக்கமும், தலைமுறையாக யானையோடு வாழும் பழங்குடிப் பாகன்களும் அங்கே இருக்கிறார்கள். குறைகளோடு சேர்த்தே பாருங்கள்.

5. புலிக்குட்டி, தேவாங்கு, மரநாய், டால்பின்

யானை விஷயத்தில் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. இந்த நான்கிலும் நல்ல இடம் எது என்று தேட வேண்டியதே இல்லை, விட்டுவிடுங்கள்.

மடியில் வைத்துப் பால் புகட்டப் புலிக்குட்டி சில மாதம்தான் அந்த அளவில் இருக்கும். ஆண்டு முழுவதும் வாடிக்கையாளர் வருகிறார் என்றால் ஆண்டு முழுவதும் குட்டி வேண்டும். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்தால் தாய் மறுபடி சினைக்கு வரும். சரி, வளர்ந்த புலிகள் எங்கே போகின்றன? டிக்கெட் கவுண்டரில் இதைக் கேட்டுப் பாருங்கள். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் இருந்த புலிக் கோயிலில் துறவிகள் புலிகளை அன்பாக வளர்க்கிறார்கள் என்று உலகமே போய்ப் படமெடுத்துக்கொண்டு வந்தது. 2016-ல் அதிகாரிகள் நுழைந்தபோது உயிரோடு 137 புலிகள் இருந்தன. உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. சில மாதம் முன்பே கொண்டுபோனவற்றையும் சேர்த்து, அங்கிருந்து கொண்டுபோன 147 புலிகளில் 86 புலிகள் 2019-க்குள் இறந்துவிட்டன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததில் அவற்றுக்கு நோயைத் தாங்கும் சக்தி இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். படம் எடுத்துக்கொண்டு வந்தவர்களில் ஒருவருக்கும் அங்கே இருந்தபோது இது தெரிந்திருக்காது.

தாய்லாந்தின் புக்கெட் தீவில், கடற்கரைத் தெருக்களில் இரவில் ஒருவர் பெரிய கண்களுடன் ஒரு சிறு பிராணியைத் தோளில் வைக்க வருவார். நம் தேவாங்கின் உறவு அது. 2013-ல் பாடகி ரிஹானா அதோடு படம் எடுத்து வெளியிட்டதும் அது உலகம் முழுக்கப் பேச்சானது, போலீஸ் சிலரைக் கைது செய்தது. இருட்டில் வாழும் அந்தப் பிராணிக்குத் தெருவிளக்கும் ஃபிளாஷும் வேதனை. கடித்தால் விஷம் என்பதால் பிடிக்கும்போதே பல்லை வெட்டிவிடுவார்கள். கையைத் தூக்கிக்கொண்டு 'கூச்சப்படுவது'போல் வீடியோவில் தெரிவது, முழங்கைக்கு அருகே உள்ள விஷச் சுரப்பியை வாய்க்கு எட்டச் செய்யும் தற்காப்பு. தேவாங்குக்காகவே 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அறிவித்த ஊர் நம்முடையது. புக்கெட் போய் அதன் சொந்தத்தைத் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

பாலியில் லுவாக் காபி. மரநாய் காபிப் பழத்தைத் தின்று வெளியேற்றும் கொட்டையிலிருந்து எடுப்பது. காட்டில் அது நல்ல பழமாகப் பார்த்துத் தின்னும், வேறு எத்தனையோ இரையும் தின்னும். தோட்டங்களில் கம்பிக் கூண்டில் அடைத்துக் காபிப் பழத்தையே போடுகிறார்கள். இரவில் நடமாடும் விலங்கைப் பகலில் எழுப்பி உங்களுக்குக் காட்டுவார்கள். 'காட்டில் பொறுக்கியது' என்று பாக்கெட்டில் இருந்தாலும் கடையில் நின்று அதைச் சரிபார்க்க வழியில்லை.

டால்பின் குளத்தைப் பற்றிச் சுருக்கமாக: இந்தியா 2013-லேயே டால்பின் காட்சியகம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. கடலில் ஒரே நாளில் வெகுதூரம் நீந்தும் உயிரைக் குளோரின் தொட்டியில் போடுவதற்கு வேறு நாட்டில் போய்க் காசு கொடுக்காதீர்கள்.

6. ஆமைக் குஞ்சு

இலங்கையின் தென்மேற்குக் கரையில், கொஸ்கொட, ஹபராதுவ பக்கம், ஆமை முட்டைகளைப் பொரிக்க வைக்கும் இடங்கள் வரிசையாக இருக்கும். முட்டையைச் சாப்பாட்டுக்கு விற்காமல் காப்பாற்றுவது நல்ல காரியம்தான். சிக்கல் அதற்கப்புறம். பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும். அந்தச் சக்தியில்தான் அது முதல் நாள் முழுக்க நிற்காமல் நீந்தி ஆழ்கடலுக்குப் போகும். அந்தக் குஞ்சைப் பயணிகளுக்குக் காட்டுவதற்காகத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்தால், அந்த ஓட்டம் தொட்டிச் சுவரில் முட்டியே தீர்ந்துவிடுகிறது. பகல் வெயிலில் விட்டால் பறவையும் மீனும் காத்திருக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது: பொரித்த எத்தனை நேரத்தில் விடுகிறீர்கள், இரவிலா பகலிலா, கையில் கொடுப்பீர்களா? பொரித்த அன்றே, இருட்டில், குஞ்சு தானே மணலில் நடந்து கடலுக்குப் போகவிடும் இடம் என்றால் போங்கள். இதைப் பார்க்க வெளிநாடு போகவும் வேண்டாம். சென்னையில் 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு, ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறது. ஆமை கண்ணில் படாத இரவுகளும் உண்டு. டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. அதற்கு ஒத்துக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் அந்த நடை.

7. ஜீப்பும் படகும்

காட்டு விலங்கைக் காட்டிலேயே பார்ப்பதுதான் சிறந்தது. அதிலும் நம்மால் கெடுதல் வரும். யாலவில் ஒரு சிறுத்தை தெரிந்தால் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்வார்கள், சில நிமிடத்தில் ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து சூழ்ந்துவிடும். ஓட்டுநரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. சிறுத்தையைக் காட்டினால்தான் டிப்ஸ் என்று அவரைப் பழக்கியது நாம்.

அதனால் ஜீப் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, சிறுத்தை பார்க்கலைன்னாலும் உங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துடுவேன். வேகமா போக வேண்டாம், கூட்டமா இருந்தா அந்தப் பக்கமே வேண்டாம்." சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தால் ஹோட்டலில் யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் சவாரியின் போக்கையே மாற்றிவிடும். மயில், நீர்க்காகம், முதலை என்று அவரே நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்.

இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவில் நீலத்திமிங்கிலம் பார்க்கப் போனால், படகு 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. முன்னால் குறுக்கே போய் மறிப்பதும் துரத்துவதும் தவறு. பதிவு செய்யும்போதே இதைக் கேளுங்கள். முதுமலை, பந்திப்பூர் சாலையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கும் மானுக்கும் சிப்ஸ் போடாதீர்கள். அதற்குப் பழகிய குரங்கு சாலையிலேயே கிடந்து வண்டியில் அடிபடுகிறது.

8. தவறு நடப்பதைக் கண்டால்

பாகனிடம் கத்தாதீர்கள். பல முகாம்களில் யானை அவருடையது அல்ல, கூலிக்கு இருப்பவர். நீங்கள் போனபின் கோபம் யானைமீது இறங்கவும் கூடும். தேதி, நேரம், இடம், விலங்கின் அடையாளம் ஆகியவற்றோடு படமோ வீடியோவோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் என்றால் அந்தப் பகுதி வனச்சரகருக்கோ மாவட்ட வன அலுவலருக்கோ எழுத்தில் கொடுங்கள், நகலை விலங்கு நல வாரியத்துக்கு அனுப்புங்கள். யானை சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்ட 1998-லிருந்தே தடை இருக்கிறது, அதைக் கண்டால் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். வெளிநாட்டில் என்றால் ஹோட்டல், ஏஜென்ட், டிக்கெட் விற்ற இணையதளம் மூன்றுக்கும் எழுதுங்கள். விற்பனையை நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது, ஒரே இடத்தைப் பற்றித் தொடர்ந்து புகார் வந்தால் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

எடுத்த வீடியோவைக் கோபத்தில் உடனே ஊரெல்லாம் பரப்ப வேண்டாம். புகார் போய்ச் சேரட்டும். சிரித்தபடி எடுத்துக்கொண்ட படமாக இருந்தால் போடவே வேண்டாம், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் போவார்கள்.

9. யாருமே போகாவிட்டால் யானைகள் என்ன ஆகும்?

நியாயமான கேள்வி, அடிக்கடி கேட்கப்படுவது. 2020-ல் கொரோனாவால் தாய்லாந்தில் பயணிகளே இல்லாமல் போனபோது இது கண்ணுக்கு முன்னால் நடந்தது. முகாம்கள் மூடின, தீனிக்குக் காசில்லை. பாகன்கள் யானைகளை நடத்திக்கொண்டு சொந்த மலைக் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். சில யானைகள் காட்டோரம் மேய்ந்து தேறின, பல பட்டினி கிடந்தன. வளர்ப்பு யானையைத் திடீரென்று காட்டில் விட்டுவிட முடியாது. அதற்கும் அதன் பாகனுக்கும் வருமானம் வேண்டும்.

அதனால்தான் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. சவாரி, குளியல், காட்சி எதுவும் இல்லாமல், யானைகள் தமக்குள் கூட்டமாக மேய்வதைத் தூரத்திலிருந்து பார்க்க விடும் இடங்கள் தாய்லாந்தின் வடக்கே உருவாகியிருக்கின்றன. கட்டணம் கூடுதலாக இருக்கும், யானை அருகில் வராமலேயே போகலாம். உங்கள் காசு அங்கே போனால், பக்கத்து முகாம்காரர் அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பார். சங்கிலியை அவிழ்ப்பதில் லாபம் இருக்கிறது என்று தெரிந்தபின் மாறிய முகாம்கள் உண்டு.

10. திரும்பி வந்ததும் எழுதுங்கள்

ஒரு வாரத்துக்குள், நினைவு பசுமையாக இருக்கும்போது மதிப்புரை எழுதுங்கள். "அருமை", "மோசம்" என்று முடித்துவிடாமல் பார்த்ததை எழுதுங்கள்: சங்கிலி எவ்வளவு நீளம், நிழல் இருந்ததா, குடிக்கத் தண்ணீர் எட்டும் தூரத்தில் இருந்ததா, கேட்ட கேள்விக்கு என்ன பதில் வந்தது, விலங்கு விலகிப் போனபோது யாராவது இழுத்து வந்தார்களா. தமிழிலும் எழுதுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுங்கள். நல்ல இடமாக இருந்தால் அதையும் இதே விவரத்தோடு எழுதுங்கள். பேக்கேஜ் கொடுத்த ஏஜென்டுக்கு அந்த இணைப்பை அனுப்பி, அடுத்த குடும்பத்தை எங்கே கூட்டிப் போகலாம் என்று சொல்லுங்கள்.